மூன்றாவது பெட்டி

ஈரோட்டில் கார்களுக்கு ஸ்பீக்கரும் டிவியும் பொருத்தித் தரும் பட்டறை ஒன்றை ரெஜினா நடத்திவந்தாள். அவளிடம் தொழில் கற்கச் சேர்ந்த சபாபதிக்கு அவளைவிடப் பத்து வயது அதிகம். ஆனாலும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

அன்று மதியம் குழந்தைவேலுவின் வேன் மூன்றாவது முறையாக வாசலில் வந்து நின்றது. சபாபதி கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டார்.

"இந்த மனுசனுக்கு எப்பத்தான் போதும்னு படும், மாஸ்டர்?"

குழந்தைவேலு முப்பது வருடம் விசைத்தறி ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமையானால் மைதானத்தில் வேனை நிறுத்தி, பின்கதவைத் திறந்துவிட்டு, நண்பர்களோடு பிரியாணி சாப்பிட்டபடி கிரிக்கெட் பார்க்க வேண்டும் அவருக்கு. அதற்காகப் பெரிய திரையும் ஸ்பீக்கர் பெட்டியும் சபாபதிதான் பொருத்தினார். சத்தம் போதவில்லை என்று குழந்தைவேலு திரும்ப வந்தார். இரண்டாவது பெட்டியும் வைத்தாயிற்று.

"இப்பவும் சரியில்லீங்க," என்றார் குழந்தைவேலு. "டம்டம்னு அதிருது. கமெண்ட்ரில ஒரு வார்த்தை புரியல. ஒம்பது பேர் வந்துட்டிருந்தோம். போன வாரம் ரெண்டே பேர். இன்னொரு பெட்டி வெச்சிருங்க."

ரெஜினா திரையைப் போட்டுச் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"படம் தெளிவா இருக்குதான்னு பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். அவள் அவருக்குப் பின்னால் போய் நின்றாள்.

"டீ சாப்பிடறீங்களா?"

அவர் திரும்பவில்லை. சற்று உரக்கக் கேட்டாள். அப்போதும் திரும்பவில்லை.

சபாபதி அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. சுற்றி வந்து குழந்தைவேலுவின் முகத்துக்கு நேராக நின்றாள்.

"மூணாவது பெட்டி வேண்டாமுங்க. இருக்கறதே நல்லாத்தான் பாடுது. காது டாக்டர் யாரையாவது பாருங்க."

"என்னையச் செவிடுங்கறியாம்மா?"

வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று வாரம் ஆளைக் காணோம். வாசலில் வேன் சத்தம் கேட்கும்போதெல்லாம் சபாபதி தலையைத் தூக்கிப் பார்த்தார்.

நான்காவது வாரம் வந்தார். காதுக்குப் பின்னால் சின்னக் கருவி.

"ஒரு பெட்டியக் கழட்டிருங்க," என்றார். கழற்றி முடியும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "எல்லாரும் காதைப் பொத்திக்கிட்டுத்தான் உக்காந்திருந்தாங்களாம். சொன்னா நான் சங்கடப்படுவேன்னு ஒவ்வொருத்தரா வராம நின்னுட்டாங்க. எனக்குக் காது சரியாக் கேக்கறதில்லைன்னு ரெண்டு வருசமா எல்லாருக்கும் தெரியுமாம். இந்த ஞாயித்துக்கெழமை அஞ்சு பேர் வர்றேன்னிருக்காங்க."

அவர் போன பிறகு சபாபதி வயரைச் சுருட்டினார்.

"நல்லவேளை வந்தாரு. அந்தக் கோவத்துல வராமலே போயிருந்தா, மாஸ்டர்?"

ரெஜினா ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"இதுக்கு முன்ன மூணு பேர்கிட்ட இதே மாதிரி காது டாக்டரைப் பாருங்கன்னு சொல்லியிருக்கேன், அண்ணே. திரும்பி வந்தது இவர் ஒருத்தர்தான்."