தொட ஆளில்லாத எலும்பு

அந்தக் காலத்தில் மனிதருக்கு எலும்பு கிடையாது. நனைந்த துணி போலத் தரையோடு கிடப்பார்கள். ஆடு மிதிக்கும். மழை பெய்தால் ஓடைவரைக்கும் அடித்துக்கொண்டு போகும். எலும்புகளோ ஒரு மொட்டைப் பாறைமேல் தனிக் குலமாக வாழ்ந்தன. மொத்தம் இருநூற்றாறு பேர். வாயும் உண்டு, வாயாடித்தனமும் உண்டு.

அந்தக் குலத்தில் கவட்டையன் என்று ஒருவன் இருந்தான். கவட்டைபோல் வளைந்த சின்ன உடம்பு, இருபக்கமும் நீட்டிய இரண்டு கைகள். கூச்ச சுபாவம். தாடையக்காள் எங்கே போனாலும் பின்னாலேயே போவான். "எனக்கு வாலு இல்லாத குறைய நீ தீத்துட்டடா" என்று அவள் கேலி செய்வாள். அது அவனுக்குப் பிடிக்கும்.

ஒருநாள் மாடத்தி என்ற பெண் பாறைமேல் ஊர்ந்து வந்தாள். அடிவாரத்திலிருந்து வந்து சேர அவளுக்கு மூன்று நாளாயிற்று.

"எங்கள நிமித்தி விடுங்கய்யா. பெத்த பிள்ளயத் தூக்கக்கூட எனக்குத் தெம்பில்ல. எனக்குள்ள வந்து குடியிருங்க, சோறும் பாலும் நான் தாரேன்" என்றாள்.

குலத்துப் பெரியவரான முதுகெலும்பு சம்மதித்தார். "உனக்கு அமையிறதுதான் உன் வம்சத்துக்கும் தாயி" என்று சொல்லிவிட்டு, தம் ஆட்களிடம் குலவழக்கத்தை நினைவூட்டினார். எலும்புகள் குடிமாறும் நாளில், உச்சிவெயில் நிழலைக் காலடியில் சுருட்டும் நொடியில், குலத்துக்குள் யார் யாரைத் தொட்டு நிற்கிறார்களோ அவர்களே சொந்தம். அதற்குப் பிறகு புதிதாக எந்த எலும்பையும் தொட முடியாது.

"யாரையும் தொடாம நின்னுட்டா?" என்று கவட்டையன் பயந்துபோய்க் கேட்டான்.

"அப்படி ஒருத்தன் நம்ம குலத்துல இதுவரைக்கும் இருந்ததில்லலே" என்றார் பெரியவர்.

குறித்த நாளில் எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு மாடத்திக்குள் இறங்கினார்கள். தொடையெலும்பு இடுப்பைப் பிடித்தது. விலா எலும்புகள் வரிசையாக முதுகைப் பிடித்துக்கொண்டன. தாடையக்காள் மண்டையோட்டைப் பற்றிக்கொண்டு, தம்பியைப் பார்த்து விரலை நீட்டினாள். "வாடா, என்னப் பிடிச்சுக்க." அவன் நாலு விரற்கடை தூரத்தில்தான் வந்துகொண்டிருந்தான்.

மாடத்தி எழுந்து நின்றுவிட்டாள். பிறந்ததிலிருந்து குப்புறக் கிடந்தவள் அல்லவா, வானத்தைப் பார்க்கும் ஆசையில் தலையை அண்ணாந்தாள். அண்ணாந்ததும் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்தது. மூச்சு நின்றது. முகம் கறுத்தது, கண் பிதுங்கியது. எலும்புகள் பதறினாலும் ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் சொந்தத்தைப் பிடித்திருந்தார்கள். கை காலியாக இருந்தவன் கவட்டையன் ஒருவன்தான்.

அவன் திரும்பி ஓடி, நாக்கின் அடியை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தான். மாடத்திக்கு மூச்சு வந்தது.

"ஏலே, உச்சியாகப் போவுது! ஒத்தக் கையாவது குடுடா!" என்று அக்காள் கத்தினாள்.

ஒரு கையை எடுத்துப் பார்த்தான். நாக்கு வழுக்கியது, மாடத்தி மறுபடி துடித்தாள். கையைத் திரும்பக் கொண்டுவந்து நாக்கிலேயே வைத்துக்கொண்டான்.

"விட்டா இந்தப் பொம்பள செத்துருவாக்கா" என்றான்.

நிழல் காலடியில் சுருண்டது. அவ்வளவுதான், சொந்தமெல்லாம் முடிவாகிவிட்டது.

மாடத்தி வாயைத் திறந்து, "ராசா, அம்மா வாரேண்டா" என்று அடிவாரத்தில் கிடந்த பிள்ளையைக் கூப்பிட்டாள். அந்தக் குரலைக் கேட்டு எலும்புகள் பூரித்துப்போய் நாக்கைப் புகழ்ந்தன. நரம்பில்லாத நாக்கு அந்தப் புகழையும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டது. கவட்டையனை யாரும் கேட்கவில்லை. வைத்தியர்கள் இன்று நாவடி எலும்பு என்று சொல்வது அவனைத்தான்.

வருடங்கள் போயின. கிட்ட உறவு முட்டப் பகை என்பார்களே, அது எலும்புகளுக்கும் பொருந்தியது. முழங்கால்கள் உரசி உரசிக் குருத்து தேய்ந்து, எழுந்தாலும் உட்கார்ந்தாலும் கறகறவென்று சண்டை போட்டன. இடுப்பு உள்ளுக்குள் பொள்ளலாகிப் போனது. பெரியவரே கூன் விழுந்து முனகினார். "கவட்டையனுக்கென்ன, தனிக்கட்டை. தேய்மானமா, வலியா?" என்று முழங்கால்கள் பொறாமைப்பட்டன.

அவனுக்கோ அந்தக் கறகறப்பைக் கேட்கக் கேட்க ஏக்கமாக இருந்தது. பொடிப்பொடியாகத் தேய்ந்தாலும் சரி, ஒருவர்மேல் உரசிக்கொண்டு கிடந்தால் போதும் என்று நினைப்பான். மாடத்தி ஒவ்வொரு வாய் சோறு விழுங்கும்போதும் அவன் கொஞ்சம் மேலே எழும்புவான். அக்காளின் விரல் கிட்ட வரும். எட்டுவதற்குள் இறங்கிவிடுவான். முதலில் அக்காள் ஒவ்வொரு முறையும் "பாத்துடா" என்பாள். நாளாக நாளாக அவளும் சொல்வதை விட்டுவிட்டாள்.

ஒரு மழைக்காலத்தில் மாடத்தியின் மகனை ஆறு கொண்டுபோய்விட்டது. மனிதருக்குள் துக்கம் முதன்முதலாக நுழைந்தது அன்றுதான். துக்கமாக வந்தவளுக்குத் தங்க இடம் வேண்டுமே. முழங்காலைக் கேட்டாள். "நாங்களே நெருக்கியடிச்சிட்டுக் கெடக்கோம், போ தாயி" என்றது. விலா எலும்புகளைக் கேட்டாள். "இருவத்திநாலு பேரு வரிசைல நிக்கோம், இதுல நீ வேறயா?" என்றன. கடைசியில் தொண்டைக்கு வந்தாள்.

"யாரு?" என்றான் கவட்டையன்.

"போக்கிடம் இல்லாதவ."

"இங்க யாரும் இல்ல. உக்காரு."

அவள் அவன்மேல் சாய்ந்து உட்கார்ந்தாள். பாறையைவிட்டு வந்தபிறகு, சொந்தம் என்று ஒருவர் அவன்மேல் சாய்வது அதுதான் முதல் தடவை. அவளை இறுக்கிக்கொண்டான். அங்கே மாடத்தி மகன் பெயரைச் சொல்லி அலற வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

"விடுடா அவள, இந்தப் பாவி வாய்விட்டு அழட்டும்" என்றாள் தாடையக்காள்.

"விடுறேங்க்கா" என்றான் அவன். "கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போகட்டும்."

அன்று முதல்தான் மனிதருக்குத் துக்கம் வந்தால், கண்ணீர் வருவதற்கு முன்னால் தொண்டை அடைத்துக்கொள்கிறது.