டெரிகுலினின் கடைசி வயல்

அயர்லாந்தின் மேற்கு ஓரத்தில் டெரிகுலின் என்று ஒரு குக்கிராமம். மொத்தமே பதினோரு வீடு. அந்தப் பதினோரு வீட்டின் சரித்திரத்தை எழுதி முடிப்பதற்குள் துறவி மலாக்கிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அறுபது வயதுக்கு மேல் துறவு மடத்தில் சேர்ந்தவர் அவர். குரு கோல்மன் சாமி அவரைவிட இருபது வயது இளையவர். “இங்கே ஒவ்வொரு வயலுக்கும் ஒரு கதை உண்டு, கேட்டு எழுதுங்கள்” என்று குரு சொன்னதை நம்பி இறங்கியதுதான் தப்பு. வேலி, கிணறு, பாட்டன் பெயர், எதிலும் இரண்டு வீடு ஒத்துப்போகவில்லை. எப்படியோ நாற்பது வயலை எழுதிவிட்டார். ஒன்றே ஒன்று பாக்கி.

மறுநாள் காலை சாலை போடுகிறவர்கள் வருகிறார்கள். சரித்திரம் உள்ள நிலம் என்றால் ஒதுங்கிப் போவார்கள். மலாக்கியின் ஏட்டில் ‘தரிசு’ என்று இருந்தால் தோண்டிவிடுவார்கள்.

“தரிசுன்னே எழுதிடப் போறேன், சாமி.” மலாக்கி ஏட்டைத் தொப்பென்று போட்டார்.

“விசாரிச்சீங்களா?”

“விசாரிக்காம? மண்ணுக்கடியில இருக்கிற குட்டித் தேவதைங்க கோவிச்சுக்கும்கிறாங்க நோரா அம்மா. அந்தப் புல்லைத் தின்னா மாட்டுக்குப் பால் வத்திடுமாம், டீகன் வீட்டுல சொல்றாங்க. ஃபெலிம் சேறுங்கிறான். சேறாம்! ஓரத்துல நின்னு மிதிச்சுப் பார்த்தேன், கட்டாந்தரையா கிடக்கு. மூணு பேரும் வாய் கூசாம பொய் சொல்றாங்க.”

“அதை யாராவது உழுதிருக்காங்களா?”

“இல்ல.”

“மாடு கட்டினது?”

“ஒருத்தரும் கிடையாது. எதுலயும் ஒத்துப்போகாத ஜனம், இதுல மட்டும் ஒத்துப்போகுது!”

குரு எழுந்தார். “வாங்க, போய்ப் பார்த்துட்டு வரலாம்.”

மழை தூறிக்கொண்டிருந்தது. மலாக்கி முணுமுணுத்துக்கொண்டே பின்னால் நடந்தார். வயலுக்குள் நுழையும் இடத்தில் குரு தன் கறுப்புத் துறவு அங்கியைக் கழற்றி முள்மரத்தில் மாட்டிவிட்டு, வெறும் சட்டையோடு உள்ளே போனார். இந்தக் குளிரில் இது என்ன கூத்து என்று மலாக்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கியோடே உள்ளே நுழைந்தார்.

பத்தடி போவதற்குள் கால் தடுக்கியது. குனிந்து புல்லை விலக்கினார். ஒரு வெள்ளைக் கல். பக்கத்தில் இன்னொன்று. ஒரு முழத்துக்கு ஒன்றாக, சின்னஞ்சிறு கல்லறைகள் போல வரிசை வரிசையாகக் கற்கள். சிலவற்றைச் சுற்றி யாரோ அண்மையில்தான் களை பிடுங்கியிருந்தார்கள்.

“சாமி, இது... குழந்தைங்களா?”

“ஞானஸ்நானம் வாங்குறதுக்கு முன்னாடி செத்துப்போன பிள்ளைங்க. கல்லறைத் தோட்டத்துல இடம் கிடையாதுன்னு நம்ம திருச்சபை சொல்லிடுச்சு. பெத்தவங்க இங்க கொண்டுவந்து புதைச்சாங்க.”

மலாக்கி சட்டென்று காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தேவதைக் கதை சொல்லும்போது நோரா அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டது இப்போது ஞாபகம் வந்தது.

“இங்க ரோடு வராது. ராத்திரியே எழுதிடறேன்” என்றார். ஆனாலும் எரிச்சல் விடவில்லை. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சாமி! மூணு மாசமா வீடு வீடா ஏறி இறங்கினேனே. என்கிட்ட ஏன் மறைச்சாங்க?”

முள்மரத்தில் நனைந்துகொண்டிருந்த அங்கியைக் குரு பார்த்தார்.

“நீங்க எதைப் போட்டுக்கிட்டுப் போய்க் கேட்டீங்க?”