மூன்று சுற்று உறை

தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஆவுடையப்பனைப் பிடித்துக்கொண்ட பைத்தியம், ராக்கெட். முழங்கை நீளத்தில் செய்து வானத்தில் ஏவும் மாதிரி ராக்கெட். கற்றுக்கொடுத்தவர் ஞானசௌந்தரி டீச்சர். உள்ளூர்ப் பள்ளியில் இயற்பியல் நடத்துபவர், அவரைவிடப் பல வயது இளையவர். ஆனாலும் டீச்சர் உட்காரச் சொன்னால்தான் ஆவுடையப்பன் உட்காருவார்.

போன முறை அவர் விட்ட ராக்கெட் நடுவானில் கிழிந்துபோனது. அட்டைக் குழாய்தானே, வேகம் தாங்கவில்லை. துண்டுகள் பக்கத்துப் பருத்திக் காட்டில் விழுந்தன. களையெடுத்துக்கொண்டிருந்த செல்லக்கனியின் தலையிலும் ஒன்று விழுந்தது.

அவள் அதைத் தட்டிவிட்டு, "என்ன அண்ணாச்சி, பூவா தூவுதீய?" என்று கேட்டாள்.

பார்க்க வந்த கூட்டம் முழுக்கச் சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. ஆவுடையப்பனுக்கு மானமே போய்விட்டது.

அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. கண்ணாடி இழையில் பின்னிய உறை வாங்கினார். காலுறை மாதிரி இருக்கும். சுருக்கிப் பிடித்தால் வாய் விரியும். குழாயில் மாட்டி நுனியை இழுத்தால் சிக்கென்று கவ்விக்கொள்ளும். அதன் மேல் பிசின் தடவிக் காயவைத்தார். காய்ந்ததைத் தேய்த்துவிட்டு மேலே இன்னொன்று. அதற்கும் மேலே இன்னொன்று.

புது ராக்கெட்டைப் பருத்திக் காட்டை ஒட்டிய பொட்டலுக்குக் கொண்டுவந்து டீச்சரிடம் நீட்டினார். டீச்சர் விரலால் சுண்டிப் பார்த்தார். ணங்கென்றது.

"மூணு சுத்து, டீச்சர். போதுமா? எத்தனை சுத்து போட்டா உடையவே உடையாது?"

"பாராசூட்டை விரிச்சுப் பாத்தீங்களா?"

"பழசுதான் டீச்சர், அப்படியே மடிச்சு வச்சுட்டேன். உறை வேலையிலயே பொழுது சரியாப் போச்சு."

டீச்சர் ராக்கெட்டை ஏவுகம்பியில் மாட்டிவிட்டுத் திரும்பினார்.

"போன தடவ துண்டு எங்கன விழுந்துச்சு?"

"அந்தா, அந்த வேலமரத்துக்குப் பக்கத்துல."

டீச்சர் வரப்பில் இறங்கி நடந்தார். காட்டில் அன்று யாரும் இல்லை. செல்லக்கனி நின்ற அதே இடத்தில் போய் நின்றார். வெயிலுக்குத் தலையில் போட்டிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அமுக்குங்க சார்!"

"விளையாடாதீங்க டீச்சர்! தள்ளி வாங்க!"

"உடையாதுல்லா? அமுக்குங்க."

ராக்கெட்டை ஏவும் பொத்தான் ஆவுடையப்பனின் கையில் இருந்தது. ஏறுவது நன்றாகத்தான் ஏறும். மேலே போனபின் பாராசூட் விரியாவிட்டால் கடப்பாரை மாதிரித் தலைகீழாக இறங்கும். உடையாது. இத்தனை நாள் ஆசைப்பட்ட அதுவே இப்போது அவருக்குக் குலைநடுக்கமாக இருந்தது. செல்லக்கனியின் சிரிப்பு ஞாபகம் வந்தது. அன்று விழுந்தது கிழிந்த அட்டை என்பதால்தான் சிரிக்க அவள் உயிரோடு இருந்தாள் என்று நினைத்தார்.

கட்டைவிரல் அசையவில்லை.

பேட்டரியிலிருந்து ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பருத்திக் காட்டுக்குள் நடந்தார். டீச்சர் முன்னால் போய் நின்றார்.

"அப்போ எத்தனை சுத்துதான் போடணும், டீச்சர்?"

டீச்சர் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"நான் இங்கயே நிக்கேன் சார். எத்தனை போட்டா உங்க விரல் அமுக்குமோ, அத்தனை போட்டுட்டு வாங்க."