பணியாரக்காரி வீட்டு வழக்கு

கொன்றைநாடு என்று ஒரு நாடு. அதை முன்னொரு காலத்தில் இளங்குமணன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. வழக்கு நீண்டால் கொட்டாவி விடுவார். நாலாவது கொட்டாவிக்குள் தீர்ப்பு சொல்லிவிடுவார்.

அப்படி ஒரு கொட்டாவியில் பிறந்ததுதான் இந்தச் சட்டம்: வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கியவர் ஐந்து மாதம் தவணை கட்டாவிட்டால், வீடு கடன் கொடுத்தவருக்கு. விசாரணை கிடையாது.

ஒரே வருஷத்தில் தலைநகரில் தெருவுக்கு நாலு வீடு பூட்டிக் கிடந்தது. வீட்டை இழந்தவர்கள் சத்திரத்தில் படுத்தார்கள். வீட்டைப் பிடித்தவர்களோ வாங்க ஆளில்லாமல் காவலுக்குக் கூலி கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மந்திரி அறவாழி சபையில் எழுந்தார். "மகாராஜா, வீட்டைப் பூட்டுவதற்கு முன் இரண்டு பேரையும் ஓர் அறையில் உட்காரவைத்துப் பேசவிடலாம். நடுவில் நான் இருக்கிறேன்."

சபையில் விருத்தகிரி என்று ஓர் அதிகாரி. மந்திரி பதவிமேல் அவருக்குப் பல வருஷமாகக் கண். "கடன்காரனும் கடன் கொடுத்தவனும் ஒரே அறையிலா? பேச்சு முடியும்போது வைத்தியரைத்தான் கூப்பிட வேண்டும்" என்றார். சபை சிரித்தது.

"ஒரு வழக்கு தாருங்கள். ஒரே பகலில் முடிக்கிறேன்" என்றார் மந்திரி.

"முடியாவிட்டால்?"

"பதவியை விட்டுவிடுகிறேன். முடித்தால் நீங்கள் என்ன தருவீர்கள்?"

"என் மாளிகையையே தருகிறேன்" என்றார் விருத்தகிரி. ராஜாவுக்குக் கொட்டாவி பறந்துபோனது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இருக்கிற வழக்குகளிலேயே மோசமானதாகப் பார்த்துப் பொறுக்கினார் விருத்தகிரி. தில்லையம்மை என்பவள் பணியாரம் சுட்டு விற்பவள். புருஷன் காலை முறித்துக்கொண்டபோது வைத்தியத்துக்காக வீட்டை அடமானம் வைத்து அறுபது பொன் வாங்கியிருந்தாள். ஐந்து மாதமாகத் தவணை கட்டவில்லை. கொடுத்தவர் தாண்டவராயர். கத்தரிக்காய் வாங்கினால்கூடக் காம்புக்கு விலை குறைக்கச் சொல்கிற மனுஷர்.

மறுநாள் காலை இருவரும் அறைக்கு வந்தார்கள். ராஜாவும் விருத்தகிரியும் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். தில்லையம்மை சுவரைப் பார்த்தாள், தாண்டவராயர் கூரையைப் பார்த்தார்.

"பேசத் தேவையில்லை, சாவியைக் கொடுக்கச் சொல்லுங்கள்" என்றார் தாண்டவராயர்.

"இவர் தலையைக் கண்டாலே நான் அடுக்களைக்குள் ஒளிந்துகொள்வேன். என்னத்தைப் பேசுவது?" என்றாள் அவள்.

"ஒரு சின்ன மாற்றம்" என்றார் மந்திரி. "அம்மா, கொஞ்ச நேரத்துக்கு நீங்கள் கடன் கொடுத்தவர். ஐயா, நீங்கள் பணியாரம் சுடுகிறவர்; வீட்டுக்காரர் கால் முறிந்து படுக்கையில் கிடந்து, இப்போதுதான் கோல் ஊன்றி நடக்கிறார். உம், பேரம் பேசுங்கள். எழுத்தர் எழுதிக்கொள்வார்."

பேரம் என்ற சொல் காதில் விழுந்ததும் தாண்டவராயர் மேல்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

தில்லையம்மை இவரிடம் வாங்கிய ஏச்சையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தாள். "நாளைக்கே வீட்டைக் காலி செய்" என்றாள்.

"காலி செய்தால் அடுப்பை எங்கே மூட்டுவேன்? அடுப்பு இல்லாமல் பணியாரம் ஏது? பணியாரம் இல்லாமல் உனக்குத் தவணை ஏது?" என்று சீறினார் அவர்.

"மாதம் மூன்று பொன் கட்டு."

"மூன்றா? வீட்டுக்காரர் இன்னும் கோல் ஊன்றித்தான் நடக்கிறார். ஒன்றரை."

"இரண்டு."

"ஒன்றரை. அவர் கோலைத் தூக்கிப் போடட்டும், அப்புறம் இரண்டு."

"சரி. விட்டுப்போன மாதங்களுக்கு வட்டி?"

"மனுஷன் படுத்த படுக்கையாகக் கிடந்த நாளுக்கு வட்டியா? தள்ளுபடி செய். வீட்டைப் பிடித்துத்தான் என்ன செய்வாய்? வாங்க ஆள் இருக்கிறதா? ஏற்கெனவே ஒன்பது வீட்டைப் பூட்டிவைத்துக் காவல்கூலி அழுகிறாயே!"

தில்லையம்மை கொஞ்சம் யோசித்தாள். "வட்டியை விடுகிறேன். அசலில் ஒரு பொன்னும் குறைக்கமாட்டேன்."

"அசலை யார் குறைக்கச் சொன்னது? வாங்கியதைக் கொடுக்காமல் போகிற பரம்பரையா என்னுடையது?" என்று மார்பில் தட்டினார் தாண்டவராயர். பிறகு மந்திரியிடம் திரும்பி, "பார்த்தீர்களா, எப்படி மடக்கினேன்" என்றார்.

மந்திரி ஓலையை நீட்டினார். "ஆமாம், நீங்கள்தான் ஜெயித்தீர்கள். கையொப்பமிடுங்கள்."

எழுத்தாணி பாதி வழியில் நின்றது. தாண்டவராயரின் முகம் சுண்டிப்போயிற்று. திரைக்குப் பின்னால் ராஜா வாயைப் பொத்திக்கொண்டார்.

"கட்டாயம் இல்லை" என்றார் மந்திரி. "நீங்கள் கேட்டதில் அநியாயமாக ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், அடித்துவிடலாம்."

தாண்டவராயர் ஓலையை இரண்டு தடவை படித்தார். ஒன்பது பூட்டுகள் நினைவுக்கு வந்தன. தில்லையம்மையை அப்போதுதான் நேராகப் பார்த்தார்.

"கால் முறிந்த சங்கதியை என்னிடம் ஏனம்மா சொல்லவில்லை?"

"நீங்கள் கேட்கவில்லை. எனக்கும் வெட்கமாக இருந்தது."

அவர் கையொப்பமிட்டார். அவளும் இட்டாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.

ராஜா திரையை விலக்கிக்கொண்டு சிரித்தபடி வந்தார். தன் சட்டத்தைத் தானே கிழித்தார். மந்திரிக்கு முத்துமாலை போட்டார். "விருத்தகிரி, மாளிகைச் சாவி?"

விருத்தகிரி கைகூப்பினார். "பிள்ளைகுட்டியோடு எங்கே போவேன் மகாராஜா?"

"வீட்டை இழப்பது என்றால் என்னவென்று இப்போது தெரிகிறதா?"

"எனக்கு மாளிகை வேண்டாம்" என்றார் மந்திரி. "முன்கூடம் மட்டும் போதும். இனி வீட்டு வழக்குகள் அங்கேதான் பேசப்படும். வருகிறவர்களுக்கு மோர் கொடுப்பது இவர் பொறுப்பு."

மறுநாளே கூடம் நிரம்பியது. விருத்தகிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மோர் ஊற்றினார். அவர் மனைவி கோமளவல்லி கதவோரம் நின்று ஒரு வாரம் கேட்டாள். எட்டாம் நாள் மந்திரி வரத் தாமதமானது. அவளே நடுவில் உட்கார்ந்து, உச்சிவேளைக்குள் இரண்டு வழக்கை முடித்துவிட்டாள்.

சேதி அரண்மனைக்கு எட்டியது. ராஜா அவளுக்கு மத்தியஸ்தர் பதவி கொடுத்து முத்திரை மோதிரம் அனுப்பிவைத்தார். விருத்தகிரிக்கும் ஒரு பரிசு வந்தது. ஆவலோடு பிரித்துப் பார்த்தார். உள்ளே பெரிய மத்து ஒன்று இருந்தது.