சும்மா வளர்த்த ஈக்கள்

"மேடம், எனக்கு வேற ஈ குடுங்க. இல்லன்னா நான் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போயிடுறேன்."

சொன்னவர் சேர்மராஜ். வயது நாற்பத்து மூன்று. மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தவர், நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகப் பரிணாம உயிரியல் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தார்.

அவருடைய வழிகாட்டி பேராசிரியர் ரெஹானாவுக்கு முப்பத்தாறுதான். சீடர் குருவை மேடம் என்பார், குரு சீடரை சார் என்பார். புதிதாக வருகிறவர்கள் குழம்பித்தான் போவார்கள்.

"உங்க ஈக்கு என்ன குறை சார்?"

"குறையே இல்ல மேடம், அதான் குறை. அன்புவதனி அவ ஈயப் பட்டினி போடுறா. டேவிட் குளிர்ல வைக்கிறான். ரெண்டு பேர் ஈயும் தலைமுறைக்குத் தலைமுறை மாறுது. ஒப்பிட்டுப் பாக்க ஒருத்தர் சும்மா வளக்கணும்னு என்கிட்ட குடுத்தீங்க. மூணு வருஷம், தொண்ணூறு தலைமுறை, நான் ஒண்ணுமே செய்யல. எதை எழுதிப் பட்டம் வாங்க? ஆராய்ச்சின்னு போயி ஈ ஓட்டிக்கிட்டு இருக்காருன்னு மச்சான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறான்."

ரெஹானா சிரிப்பை அடக்கிக்கொண்டார். முழுதாக அடங்கவில்லை.

"இன்னைக்கு உங்க ஈக்கு எத்தனாவது நாள்?"

"முட்டை வச்சுப் பதினொண்ணு."

"அப்ப வாங்க. நீங்க ஒண்ணும் செய்யாம இருக்கறத நான் கொஞ்சம் பாக்கணும்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சேர்மராஜுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வேலையில் இறங்கினார். புதுப் பாட்டிலில் ஈக்களுக்கான சோளமாவுக் கூழ் தயாராக இருந்தது. பழைய பாட்டிலிலிருந்த ஈக்களை அதற்கு மாற்றிப் பஞ்சால் அடைத்தார். பழைய பாட்டிலைக் கழுவுவதற்காக வெந்நீர் வாளியில் போடக் கை நீட்டினார்.

"ஓரத்துல என்னமோ ஒட்டியிருக்கே?"

"கூட்டுப்புழு மேடம். இன்னும் ஈயா வெளிய வராதது. பதினொண்ணாம் நாள் காலை ஒன்பது மணிக்கு மாத்திடுவேன். லேட்டா வர்றதுக்காகக் காத்துக்கிட்டா இருக்க முடியும்?"

"எல்லாத் தடவையும் ஒன்பது மணியா?"

"ஒரு தடவைகூடத் தவறினது இல்ல." சேர்மராஜ் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

ரெஹானா எழுந்து போய் அடுத்த அறையிலிருந்து ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தார். சேர்மராஜின் ஈக்கள் எந்தக் கூட்டத்திலிருந்து பிரித்து எடுக்கப்பட்டனவோ, அந்தக் கூட்டம். அதை மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் மாற்றுவார்கள்.

"ரெண்டுலயும் இன்னைக்கே முட்டை எடுத்து வைங்க. எது என்னைக்கு வெளிய வருதுன்னு எண்ணுங்க."

வகுப்புக்குப் போய்விட்டார்.

ஒன்பதாம் நாள் மாலை சேர்மராஜின் பாட்டில்களில் ஈக்கள் மொய்த்தன. அடுத்த அறைப் பாட்டில்களில் ஒன்றைக்கூடக் காணோம். அவை மறுநாள் மாலைதான் வரத் தொடங்கின.

மூன்று தடவை எண்ணிவிட்டு ஓடினார்.

"மேடம், என் ஈ ஒரு நாள் முந்திடுச்சு! நான் அதை ஒண்ணுமே..."

அங்கேயே நின்றுவிட்டார்.

"ஐயையோ. நான்தானா? லேட்டா வர்றதையெல்லாம் ஒவ்வொரு தலைமுறையிலயும் வாளியில போட்டது நான்தானே! தொண்ணூறு தலைமுறையைக் கெடுத்துட்டேனே மேடம்!"

"அட்டவணை போட்டது நான். எனக்கும் பங்கு உண்டு. கெடல சார். எழுத ஆரம்பிங்க."

ஆய்வகத்துக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு வந்ததில்லை. கூடவே அந்த வெந்நீர் வாளியை நினைத்து மனசு லேசாக வலித்தது.

மறுநாள் பதினொன்றாம் நாள். ஒன்பது மணிக்கு ஈக்களை மாற்றி முடித்தார். பழைய பாட்டில் கையில் இருந்தது. வாளியில் ஆவி பறந்தது.

"சார், டீக்கு வர்றீங்களா?" வாசலில் அன்புவதனி.

பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கி, ஓரத்தில் ஒட்டியிருந்த கூட்டுப்புழுக்களை எண்ணிப் பார்த்தார். மேசைமேல் வைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்க போங்கம்மா. இன்னும் ஆறு பேர் வர வேண்டியிருக்கு."