நீலத்தின் வயிற்றில் ஆரஞ்சின் குடல்

திரையும் உடம்பும் ஒட்டிப் பிறந்த அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்கள் இரண்டு. ஒரே ரகம். ஆரஞ்சு ஷிபினாவுடையது, நீலம் அஜினுடையது. மூடிப்போன டி.டி.பி. சென்டரிலிருந்து ஆளுக்கொன்றாய்ச் சுமந்து வந்தவை. இரண்டும் கல்லாய்க் கிடந்தன.

ஊர்க் கிறிஸ்தவக் கோயில் திருவிழாவில் கம்ப்யூட்டர் கேம் கடை போட வேண்டும். ஷிபினாவுக்கு அது ஆசை இல்லை, வெறி. கோயிலை நடத்தும் பங்குப்பேரவை கொடுத்ததோ ஒரே இடம். “எந்தப் பெட்டி எரியுதோ, அந்தப் பெட்டிக்காரருக்குக் கடை” என்று இருவரும் சத்தியம் செய்துகொண்டார்கள்.

நாகர்கோவிலில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் கூட்டாளி மீரான் சொன்னான்: “ரெண்டையும் கழத்தி, நல்லதெல்லாம் ஒண்ணுல போடுவோம் மக்கா.”

ஆரஞ்சின் திரைக்குழாயை நீலத்தில் மாட்டினான். மூச்சில்லை. பவர் சப்ளையை மாற்றினான். ம்ஹூம். கடைசியில் ஆரஞ்சின் மதர்போர்டும் டிஸ்க்கும். போர்டைக் கையிலெடுத்தால் அதிலிருக்கும் குட்டி பேட்டரியைக் கழற்றிப் புதுசு போடாமல் விடமாட்டான், தொழில் வழக்கம். போட்டான். சுவிட்சை அழுத்தினான்.

ட்டாங்! நீலம் விழித்தது. மூவரும் கூத்தாடினார்கள். கூத்து முடிந்ததும் சண்டை.

“நீலப் பெட்டி எரியுது. கடை எனக்கு” என்றான் அஜின்.

“லேய், வெளிய இருக்க ஓடு மட்டுந்தாம்ல உன்னுது. உள்ள இருக்க குடல் பூரா என்னுது!”

“எட்டி, பெட்டின்னுதானே பேசினோம்? குடல்னு பேசினோமா?”

சத்தியம் செய்தது பெட்டியின் பேரில்தான். பேச்சு பேச்சுதானே?

மீரான் ஸ்குரூடிரைவரால் மேசையைத் தட்டினான். “உசுரு குடுத்தது நானு. கடைய எனக்குக் குடுங்கலே.”

கேட்பவர்களே, அவசரப்படாமல் யோசியுங்கள். காலையில் ஆரஞ்சுக்குள் பிணமாய்க் கிடந்த அதே உறுப்புகள்தான் சாயங்காலம் நீலத்துக்குள் பாடுகின்றன. அப்படியானால் மூவரில் யார் சொன்னது சரி? கடை யாருக்கு?

விடை: உயிர் கொடுத்தது மீரானின் பேட்டரி. பேட்டரி செத்தால் இந்த ரகம் எழுந்திருக்காது. ஆனால் மீரானுக்குப் பெட்டி கிடையாது, பேச்சோ பெட்டிக்காரருக்கு. ஆக, அஜின் சொன்னது சரி. ஆனால் ஷிபினா தோற்கவும் இல்லை. இரண்டு பெட்டியிலும் பேட்டரியைத் தவிர வேறெதுவும் சாகவில்லை என்று புரிந்ததும், மீரானிடம் இன்னொரு பேட்டரியைப் பிடுங்கி அஜினின் போர்டில் போட்டாள்; நீலத்தின் குடலை ஆரஞ்சு ஓட்டுக்குள் திணித்தாள். ட்டாங்! எரிந்த பெட்டி இரண்டு, பெட்டிக்காரர் இருவர், கடை இருவருக்கும். மீரானுக்கு ஆயுள் முழுக்க ஓசி ஆட்டம். திருவிழா முதல் நாளே உட்கார்ந்து, முதலாளிகள் இருவரையும் ஊர் பார்க்கத் தோற்கடித்துவிட்டுத்தான் எழுந்தான்.