எப்போதும் இடம் உள்ள குளக்கரை

காட்டோரத்தில் இருந்த கடலைக்கொல்லையில் ஒருநாள் ஏர் இறங்கியது. காலை வரை அங்கே வெள்ளெலிகளின் ஊர் ஒன்று இருந்தது. மத்தியானம் புரட்டிப் போட்ட மண்தான் இருந்தது.

தப்பியவை இரண்டே எலிகள். ஒருத்தி வெள்ளச்சி. மற்றவன் அவள் கணவன் கருவாயன். வெள்ளச்சி நிறைமாத கர்ப்பிணி. இன்றோ நாளையோ குட்டி போட்டுவிடுவாள்.

"கெடச்ச இடத்துல புகுந்துடலாம் புள்ள!" என்றான் கருவாயன்.

"கெடச்ச இடத்துலயா? நல்லா இருக்கே! நாலு இடம் பார்த்து, எது தேவலைன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் போகணும். அவசரத்துல வளை தோண்டி என் புள்ளைங்களை ஏர்க்கொழுவுக்குக் குடுக்கச் சொல்றியா?"

வெள்ளச்சிக்கு எதையும் ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் தலை வெடித்துவிடும். இரண்டு கடலை கிடந்தால் இரண்டையும் உருட்டி, முகர்ந்து, தட்டிப் பார்த்த பிறகுதான் ஒன்றைக் கொறிப்பாள். கெட்டிக்காரிதான். கண்ணுக்குத் தெரிகிற எதையும் அவள் தவறவிட மாட்டாள்.

முதலில் பனங்காட்டுக்குப் போனார்கள். அங்கே ஒரு மட்டையில் ஆந்தை உட்கார்ந்திருந்தது. வந்த வழியே திரும்பிவிட்டார்கள்.

அடுத்து கல்மேடு. பேர்தான் மேடு, எல்லாம் சரளைக்கல். அந்தக் கல்லுக்குள் எலிகள் எள் போட இடமில்லாமல் அடைந்து கிடந்தன. ஒரு வளைக்குள் மூன்று குடும்பம். ஒருத்தியின் குட்டி இன்னொருத்தியின் வாலைக் கடிக்க, அவள் அந்தக் குட்டியின் அம்மாவை வைய, ஒரே கூச்சல்!

காது கிழிந்த கிழட்டு எலி ஒன்று எட்டிப் பார்த்தது. அதன் பேர் சடையன்.

"இங்க இடம் இருக்குதா?" என்று கேட்டாள் வெள்ளச்சி.

"இடமா! எனக்கே காலை நீட்ட வழியில்ல. வேணும்னா என் வளைக்குப் பக்கத்துல தோண்டிக்க. பல்லு தேஞ்சுடும், சொல்லிட்டேன்!"

"யாருமே காலி பண்ணிட்டுப் போறதில்லையா?"

"இங்க யாரு போறா? எல்லாம் கிழடு தட்டுற வரைக்கும் கெடந்து உயிரை வாங்குதுங்க!" சடையன் அவள் வயிற்றைப் பார்த்தான். குரல் கொஞ்சம் இறங்கியது. "வேற எங்க பார்க்கப் போற? குளக்கரையா? நானும் அங்க இருந்தவன்தான். போனா, அங்க ஏன் அத்தனை வளை சும்மா கெடக்குதுன்னு கேளு."

"ஏன்?"

அதற்குள் யாரோ அவன் மேல் விழுந்து பிறாண்ட, சடையன் சண்டைக்குப் போய்விட்டான்.

"அந்தக் கிழவன் என்னமோ சொல்ல வந்தானே, கொஞ்சம் நின்னு கேட்டா என்ன?" என்றான் கருவாயன்.

"நீ வேற! எங்க போனாலும் ஒத்துப்போகாத ஆளு அவன். குளக்கரையில துரத்தி விட்டிருப்பாங்க. அந்த வயித்தெரிச்சல்ல பேசுறான். வா!"

குளக்கரையை மிதித்ததுமே வெள்ளச்சிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. மண் மாவு மாதிரி இருந்தது. எட்டு வைத்தால் தண்ணீர். கோரைப்புல் விதை கொட்டிக் கிடந்தது. சத்தம் இல்லை, சண்டை இல்லை. தண்ணீரைப் பார்த்த முன்வரிசையில் தோண்டி முடித்த வளைகள் காலியாகக் காத்திருந்தன.

மரகதம் என்ற தடித்த எலி பின்வரிசையிலிருந்து ஓடி வந்தாள்.

"வாங்க, வாங்க! அடடா, வாயும் வயிறுமா இருக்கியே தாயி! உள்ள வந்து உட்காரு!"

"இங்க எங்களுக்கு இடம் கிடைக்குமா அக்கா?"

"குளக்கரையில எப்பவும் இடம் உண்டு!" என்று சிரித்தாள் மரகதம்.

முன்வரிசை வளை ஒன்றைக் காட்டினாள். உள்ளே எருக்கம்பஞ்சுப் படுக்கை. அதில் சின்னச் சின்னக் குழிகள். குட்டிகள் படுத்த தடம் கலையாமல் இருந்தது.

"இங்க இருந்தவங்க எங்க போனாங்க?" என்று கேட்டான் கருவாயன்.

"போயிட்டாங்க தம்பி. திடீர்னு கிளம்ப வேண்டியதாப் போச்சு," என்றாள் மரகதம். சொல்லும்போது அவள் கோரைப் புதரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கருவாயன் மேலே ஏதோ கேட்க வாயெடுத்தான். வெள்ளச்சி அவனை முறைத்தாள். பஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கல்மேட்டில் சரளை, இங்கே பஞ்சு! அங்கே வசவு, இங்கே உபசாரம்! இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

அன்றைக்கே குடியேறினார்கள். குட்டிகளும் பிறந்தன. பின்வரிசையிலிருந்து எல்லோரும் விதையும் கிழங்கும் கொண்டுவந்து கொஞ்சிவிட்டுப் போனார்கள். "பார்த்தியா! நான் தேடிப் பிடிச்ச இடம்!" என்று வெள்ளச்சிக்குப் பெருமை தாங்கவில்லை.

குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை. ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் கோரைப் புதர் அசைந்தது. காற்று இல்லை.

"பாம்பு!" என்று கத்தினான் கருவாயன்.

வெள்ளெலிகள் வளையின் வாயை உள்ளிருந்தே மண்ணால் அடைத்துக்கொள்ளும். கருவாயனும் அடைத்தான். அடைக்க அடைக்க மண் உதிர்ந்தது. அவள் ஆசைப்பட்ட அந்த மாவு மண் நிற்கவே இல்லை. கடைசியில் அவன் தன் உடம்பை வைத்தே வாசலை அடைத்தான்.

"புள்ளைங்களைத் தூக்கு!" என்றான். அதுதான் அவன் பேசிய கடைசிப் பேச்சு.

வெள்ளச்சி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு பின்வழியாகப் பாய்ந்தாள். மரகதத்தின் வளைக்கு ஓடினாள். பின்வரிசையில் மண் கெட்டி; வாசல் அடைத்திருந்தது. குட்டியைக் கீழே போட்டுவிட்டுப் பிறாண்டினாள்.

"அக்கா! மரகதக்கா! திறங்க! இது ஒண்ணையாவது உள்ள வாங்கிக்குங்க!"

உள்ளே மூச்சு விடும் சத்தம் கேட்டது. கதவாக இருந்த மண் இன்னும் கொஞ்சம் கெட்டியானது. குட்டியைப் புல்லுக்குள் ஒளித்துவிட்டு வெள்ளச்சி மற்றதுகளுக்காகத் திரும்பி ஓடினாள். வளைக்குள் யாரும் இல்லை. பஞ்சில் குழிகள் மட்டும் கலையாமல் இருந்தன.

மறுநாள் மரகதம் வெளியே வந்தாள். சிரிப்பு இல்லை.

"வருதுன்னு உங்களுக்குத் தெரியும்!" என்று கதறினாள் வெள்ளச்சி.

"தெரியும். முன்வரிசையில ஆள் இருந்தா அது வயிறு நிறைஞ்சு திரும்பிடும். இல்லைன்னா எங்ககிட்ட வரும். நானும் அந்த முன்வரிசையில குடியிருந்தவதான். எம்புட்டுப் புள்ளைங்களைக் குடுத்தேன் தெரியுமா? நீ இப்ப பழைய ஆளு. பின்னால வந்துடு."

வெள்ளச்சிக்கு அவள் குரல்வளையைக் கடித்துவிடலாம் போல இருந்தது. கல்மேட்டுக்கு ஓடிவிடலாம் என்று பார்த்தாள். நடுவில் ஒரே பொட்டல். மேலே பருந்து வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. வாயில் ஒரு குட்டியோடு அதைத் தாண்ட அவளுக்குத் தெம்பில்லை, துணையும் இல்லை. அழுதுகொண்டே பின்வரிசைக்குப் போனாள்.

முன்வரிசை காலியாகவே கிடந்தது. கோரைப் புதர் எப்போது அசையுமோ என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளச்சியும் பார்த்தாள். அவளுடைய ஒற்றைக் குட்டி அப்போதுதான் கண் திறந்திருந்தது.

அந்த நேரத்தில் கரையோரமாக ஒரு இளஞ்சோடி வந்தது. பெண்ணுக்கு வயிறு கனத்திருந்தது.

"அக்கா, நாலு இடம் பார்த்துட்டு வர்றோம். இங்க எப்படி?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

வெள்ளச்சி அவள் வயிற்றைப் பார்த்தாள். திரும்பித் தன் குட்டியைப் பார்த்தாள். குட்டியை வளைக்குள் தள்ளினாள். பிறகு முன்னே ஓடி வந்தாள்.

"நல்ல இடம் தாயி! மண்ணு மாவு மாதிரி இருக்கும். வா, காட்டுறேன்," என்றாள். "குளக்கரையில எப்பவும் இடம் உண்டு!"

குடியேறப் போகிற ஊரில் என்னவெல்லாம் இருக்கிறது என்று பார்த்தால் போதாது, அங்கே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று அதை விட்டு வந்தவர்களிடம் நின்று கேட்க வேண்டும்.